கடற்கரை வீடும் கரண்டும்

(முன்னாள் மாணவர் கூடுகையில் மின்னியல் பிரிவு முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதியச் சாப்பாடு முடிந்த கையோடு மின்சாரத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தூக்கம் வந்தால் தாராளமாகத் தூங்கலாம். ஆனால் ஒரு செய்தியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு தூங்குங்கள். கடலோரத்துப் பழைய வீட்டில் முதலில் செத்துப்போவது எர்த் கம்பிதான். அது செத்தது வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை.

நம்மில் பலர் பெங்களூரிலும் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறோம். அப்பா, அம்மா மட்டும் நாகையிலோ தரங்கம்பாடியிலோ வேதாரண்யத்திலோ பழைய ஓட்டு வீட்டில் இருக்கிறார்கள். ஊருக்கு வரும்போதெல்லாம் பிரிட்ஜ், வாஷிங் மெஷின், கீசர், ஏ.சி. என்று ஒவ்வொன்றாக வாங்கி வைக்கிறோம். பொருளெல்லாம் புதுசு. வயரிங் மட்டும் தாத்தா போட்டது! தேக்குச் சட்டத்தின் மேல் கிளிப் அடித்து ஓட்டிய வயர், கறுப்பு பேக்கலைட் சுவிட்ச், பீங்கான் பியூஸ். நான்கு விளக்கு, இரண்டு பேன், ஒரு ரேடியோவுக்காகப் போட்டது அது. இன்று ஒரு கீசர் மட்டுமே 2000 வாட் இழுக்கிறது.

"ஏம்பா, லைட்டு எரியுது, பேன் சுத்துது, அப்புறம் என்ன குறை?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். விளக்கு எரிய பேஸ், நியூட்ரல் என்ற இரண்டு கம்பிகள் போதும். மூன்றாவதான எர்த்துக்கு அன்றாடம் வேலையே கிடையாது. பிரிட்ஜுக்குள் இன்சுலேஷன் கெட்டு அதன் இரும்பு உடம்பில் கரண்ட் பாயும் அந்த ஒரு நாளுக்காகத்தான் அது காத்திருக்கிறது. அன்றைக்கு அது இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கடற்காற்றில் உப்பு இருக்கிறது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். பழைய வீடுகளில் எர்த்துக்குப் போட்டது பெரும்பாலும் வெறும் ஜி.ஐ. கம்பி. மேலே உள்ள துத்தநாகப் பூச்சை உப்பு தின்றுவிட்டால் பிறகு உள்ளே இருப்பது சாதாரண இரும்புதான். மண்ணுக்குள்ளும் இதே கதை. உப்பு மண் கரண்டை நன்றாகக் கடத்தும். அந்த வகையில் எர்த்துக்கு நல்லது. ஆனால் உள்ளே புதைத்த குழாயையும் அதே உப்புதான் அரிக்கிறது. மேலே தெரியும் முனை பளபளவென்று இருக்கும். ஓரடி கீழே தோண்டினால் குழாயே இருக்காது.

இதைவிட மோசமான நிலை ஒன்று உண்டு. வீட்டிலுள்ள எல்லாப் பொருள்களின் எர்த்தும் போர்டில் ஒன்றாக இணைந்திருக்கும். போர்டிலிருந்து குழிக்குப் போகும் கம்பி மட்டும் அறுந்துவிட்டால், கிரைண்டரில் உள்ள கோளாறு பிரிட்ஜிலும் ஷாக் அடிக்கும். "பிரிட்ஜ் லேசா சுர்ருனுது, செருப்பு போட்டுக்கிட்டுத் தொடு" என்று சொல்லும் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான். அந்த 'சுர்' முன்னறிவிப்பு. தயவுசெய்து பழகிக்கொள்ளாதீர்கள்.

"பியூஸ்தான் இருக்கே!" என்பார்கள். மாணவர்கள் இந்தக் கணக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். ஈரக் கையும் வெறுங்காலுமாக நிற்பவரின் உடல் மின்தடையைச் சுமார் 1000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் அவர் வழியே பாய்வது 230 மில்லி ஆம்பியர். சில நொடிகளில் இதயம் தடுமாற அதில் ஒரு பங்கே போதும். ஆனால் 5 ஆம்பியர் பியூஸுக்கு 5000 மில்லி ஆம்பியர் வேண்டும். மனிதர் போய்விடுவார், பியூஸ் போகாது. பியூஸும் எம்.சி.பி.யும் வயரைக் காப்பாற்ற வந்தவை. மனிதரைக் காப்பாற்ற அல்ல.

எர்த் நன்றாக இருந்தாலும் அது மட்டும் போதாது. எர்த் குழியின் தடை 20 ஓம் என்றால் பாய்வது பதினொன்றரை ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. அசையாது. ஆகவே இரண்டாவது காவலாளி வேண்டும். நாம் ஈ.எல்.சி.பி. என்று சொல்லிப் பழகிய, இன்று ஆர்.சி.சி.பி. என்று விற்கிற கருவி அது. போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமா என்று ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும். 30 மில்லி ஆம்பியர் வேறு வழியில் கசிந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் மெயினைத் துண்டித்துவிடும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: ஒரே நேரத்தில் பேஸையும் நியூட்ரலையும் பிடித்தவரை அதனாலும் காப்பாற்ற முடியாது.

சரி, என்ன செய்வது? செலவு குறைந்ததிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், உரிமம் பெற்ற வயர்மேனை அழைத்து எர்த் டெஸ்டராலும் மெகராலும் அளக்கச் சொல்லுங்கள். 500 வோல்ட் மெகரில் இன்சுலேஷன் ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்த வயர் ஓய்வு பெற வேண்டியது. டெஸ்டர் ஸ்குரூ டிரைவரில் விளக்கு எரிவதை வைத்து எர்த் நலம் என்று முடிவு கட்டாதீர்கள்.

இரண்டாவது, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். உப்புக்காற்றில் அதன் உள் பாகங்களும் இறுகிப்போகலாம்.

மூன்றாவது, புதிய எர்த். போர்டிலிருந்து குழிவரை வெறும் ஜி.ஐ. கம்பிக்குப் பதில் பச்சை உறையிட்ட செம்புக் கம்பி. கடல் மணலில் மேற்பகுதி கோடையில் காய்ந்துவிடும். ஈரம் எட்டும் ஆழத்துக்குக் குழாய் போக வேண்டும்.

நான்காவது, பியூஸ் போர்டு. பழைய போர்டில் நியூட்ரலிலும் பியூஸ் இருக்கும். அது போனால் விளக்கு அணையும். ஆனால் ஹோல்டரில் பேஸ் உயிரோடு நிற்கும். அந்த நியூட்ரல் பியூஸை அவசியம் எடுத்துவிட வேண்டும்.

கடைசியாக, முழு வயரிங். அலுமினிய வயரோடு செம்பு வயரை முறுக்கிய இணைப்புகளை உப்பு சீக்கிரம் கெடுக்கும். கெட்ட இணைப்பில் அரை ஓம் தடை இருந்து 10 ஆம்பியர் பாய்ந்தால் 50 வாட் வெப்பம். சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு குண்டு பல்பை எரிய விட்டது போல. காய்ந்த தேக்குச் சட்டத்துக்கு அது போதும். கீசருக்கும் ஏ.சி.க்கும் போர்டிலிருந்தே தனி வயர், 4 சதுர மி.மீ. செம்பில் இழுங்கள்.

புயலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. அப்படிப்பட்ட நேரத்தில் கரண்ட் திரும்பி வரும் நிமிடம்தான் ஆபத்தானது. புயலுக்கு முன்பே மெயினை அணைத்துவிடுங்கள். நீர் புகுந்த வீட்டில் போர்டு காய்ந்து, வயர்மேன் பார்த்த பிறகே போடுங்கள். துணி காயப்போடும் இரும்புக் கம்பியை, சர்வீஸ் வயர் வந்து இறங்கும் தகரக் கூரையில் கட்டவே கட்டாதீர்கள்.

மாணவச் செல்வங்களே, உங்கள் ஆய்வகத்தில் எர்த் டெஸ்டரும் மெகரும் இருக்கின்றன. அடுத்த நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஆசிரியர் துணையோடும் உரிமம் பெற்ற வயர்மேனோடும் ஒரு மீனவர் தெருவுக்குப் போங்கள். வீடு வீடாக எர்த்தை அளந்து, எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். புத்தகத்தில் படித்த ஓம் விதி அன்றைக்குத்தான் உங்களுக்குச் சொந்தமாகும்.

நண்பர்களே, அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது அம்மாவுக்குப் புது மிக்ஸி வாங்கும் முன் எர்த்தைப் பாருங்கள்.