எல்லைப்புறத்துப் படக்கதை அன்பர்கள்

பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரத்திலும், இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீருமேடு தேயிலைத் தோட்டங்களிலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. பேசத் தமிழ் உண்டு. பிள்ளைகள் விரும்பி வாசிக்க ஏடு வேண்டுமே! படக்கதைப் புத்தகங்களை நாம் அற்பமெனத் தள்ளாமைக்கு இதுவே காரணம்.

சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972-இல் 'இரும்புக்கை மாயாவி'யுடன் புறப்பட்டது. 1984-இல் லயன் காமிக்ஸ் தொடர்ந்தது. பிரிட்டிஷ் மாயாவியும், இத்தாலியர் படைத்த டெக்ஸ் வில்லரும் நல்ல தமிழ் பேசினர். மொழிபெயர்ப்பே தொழிலான நாம் ஒன்று கூறுவோம்: படத்தின் மேலுள்ள சிறு வட்டத்துள் ஒரு வாக்கியத்தை அடக்குவது, அரசாங்கச் சுற்றறிக்கையைத் தமிழாக்குவதினும் கடினம்.

அன்று இதழுக்கு ஏங்கிய மாணவர்கள் இன்று நரை கண்டவர்கள். ஆகஸ்டு மாதத்தில் ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவையொட்டி அவர்கள் ஒன்றுகூடுகின்றனர். பாலக்காட்டார்க்குக் கோவை வழியே இரயில் உண்டு. மூணாற்றார் மறையூர், சின்னார் கடந்து உடுமலைக்கு இறங்கியாக வேண்டும். ஒருவருக்கு, இளமையில் கைநழுவிய இதழைத் தேடிப் பெறும் கனவு. மற்றொருவருக்கு, தாம் தமிழாக்கிய கதையொன்று அச்சேற வேண்டுமென்பது. 2024-இல் சென்னைக்கும் வந்த காமிக் கானில் இளைஞர் கதைமாந்தராக வேடம் புனைந்து உலவினர். அதுவும் ஒரு கனவே. எனினும் நம் நெஞ்சம் ஈரோட்டையே நாடுகிறது.

வாங்கி வந்த புத்தகம் வீட்டில் விரிகிறது. மலையாளப் பள்ளியில் பயிலும் சிறுவன் படத்தைச் சுட்டி, "இவர் என்னப்பா சொல்லுகிறார்?" என்கிறான். தந்தை எழுத்தின்மீது விரல் வைத்து, மெல்ல வாசித்துக் காட்டுகிறார்.