வண்டிக்கும் ஒரு நோட்டு

(அடையாறில் நடந்த கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



எனக்கு மதுராந்தகம் பக்கத்துல ஒரு கிராமம். பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கேன். வீட்டைப் பார்த்துக்கிட்டு இருக்கேன். குழுவுல கணக்கு எழுதக் கத்துக்கிட்டது வீட்டுக்கு எப்படி உதவுதுன்னு பேசச் சொன்னாங்க. நான் எங்க வண்டிக்கு எழுதுற நோட்டைப் பத்தி பேசுறேன்.

நம்ம குழுவுக்கு பஞ்ச சூத்திரம்னு ஐந்து விதி இருக்கு. தவறாம கூட்டம், தவறாம சேமிப்பு, உள்கடன் கொடுக்கிறது, தவணையை நாள் தவறாம கட்டுறது, கணக்குப் புத்தகத்தை அன்னன்னைக்கு எழுதி முடிக்கிறது. முதல் நாலும் சரியா நடக்குதான்னு அஞ்சாவதுதான் காட்டும். இதை நான் வண்டிக்கும் வச்சுக்கிட்டேன்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி ஏழு பேர் உட்கார்ற ஒரு பழைய பெட்ரோல் வண்டி வாங்கினோம். மஞ்சள் போர்டு வண்டி. பாதிப் பணம் எங்க சேமிப்பு, நகை. மீதி குழுக் கடன். மாசம் 3,000 ரூபாய் தவணை. எங்க வீட்டுக்காரர்தான் ஓட்டுறார். கடன் என் பேர்ல இருக்கு. அதனால வண்டி எவ்வளவு குடிக்குது, எவ்வளவு சம்பாதிக்குதுன்னு எனக்குத் தெரியணும்னு சொன்னேன். "ஓட்டுறவனுக்குத் தெரியாதாம்மா?"ன்னு கேட்டார். "தெரியும், ஆனா தவணைக் கூட்டத்துல நான்தானே பதில் சொல்லணும்"னு சொன்னேன். அன்னைக்கே ஒரு நீள நோட்டு வாங்கியாச்சு.

எழுதுற முறை சுலபம். தேதி, மீட்டர்ல கிலோமீட்டர், எத்தனை லிட்டர், எவ்வளவு ரூபாய், எந்த ஊர் பங்க். ஐந்து கட்டம். ஒரு தடவை டேங்க் ஃபுல் பண்ணணும். பம்பு தானா நின்னதும் நிறுத்திடணும், அதுக்கு மேல ஊத்தக் கூடாது. அப்போ மீட்டரைக் குறிச்சுக்கணும். அடுத்த தடவை ஃபுல் பண்ணும்போது எத்தனை லிட்டர் பிடிக்குதோ, அதுதான் நடுவுல ஓடினதுக்குச் செலவான பெட்ரோல். ஓடின கிலோமீட்டரை அந்த லிட்டரால வகுத்தா மைலேஜ் வந்துடும். நடுவுல 500 ரூபாய்க்கு போட்டிருந்தா அந்த லிட்டரையும் சேர்த்துக்கணும்.

ஒரு உதாரணம் சொல்றேன். மீட்டர் 48,210ல ஃபுல் பண்ணினோம். அடுத்து 48,602ல ஃபுல் பண்ணும்போது 28 லிட்டர் பிடிச்சுது. ஓடினது 392 கிலோமீட்டர். 28ஆல வகுத்தா 14. எங்க வண்டிக்கு அதுதான் வழக்கமான மைலேஜ்.

ரூபாயை மட்டும் எழுதினா போதாது சகோதரிகளே. 2017 ஜூன் 16ல இருந்து நாடு முழுக்க பெட்ரோல் விலையை தினமும் மாத்தலாம்னு ஆயிடுச்சு. 500 ரூபாய்க்கு இன்னைக்கு கிடைக்கிறதும் அடுத்த வருஷம் கிடைக்கிறதும் ஒண்ணா இருக்காது. லிட்டரை எழுதினாத்தான் வண்டியோட நிலைமை தெரியும். அளவுல சந்தேகம் வந்தா, பங்க்ல முத்திரை போட்ட 5 லிட்டர் அளவுப் பாத்திரம் இருக்கும், அதுல ஊத்திக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். நமக்கு அந்த உரிமை இருக்கு.

போன்லயே எழுதலாமேன்னு என் பொண்ணு கேட்டா. போன் அவர்கிட்ட இருக்கும், நோட்டு வீட்டுல இருக்கும். ராத்திரி அவர் மீட்டரைச் சொல்வார், நான் எழுதுவேன், பொண்ணு வகுத்துச் சொல்லுவா. பங்க்ல கொடுக்கிற பில்லு கொஞ்ச நாள்ல வெளுத்து வெறும் தாளாயிடும். பேனாவால எழுதினது அப்படியே நிக்கும்.

நோட்டோட பின்பக்கம் ரிப்பேர் கணக்கு. ஆயில் மாத்தினது, ஏர் ஃபில்டர், டயர், பேட்டரி, பிரேக், எந்தத் தேதி, எந்த கிலோமீட்டர், எவ்வளவு ரூபாய், என்ன வேலை. கடைசிப் பக்கத்துல இன்சூரன்ஸ், எஃப்.சி., பெர்மிட், வரி, புகைச் சான்று முடியுற தேதிகள். வாடகை வண்டிக்கு எட்டு வருஷம் தாண்டிட்டா வருஷா வருஷம் எஃப்.சி. காட்டணும். தேதி தவறினா அபராதம் நம்ம தவணைப் பணத்துல இருந்துதான் போகும்.

இது ஒண்ணும் புதுசு இல்ல. அரசாங்க ஜீப்புக்கு லாக் புக் உண்டு. இங்க அடையாறுல மாநகர பஸ் டிப்போ இருக்கு. போக்குவரத்துக் கழகத்துல ஒரு லிட்டர் டீசலுக்கு எத்தனை கிலோமீட்டர்னு பஸ்ஸுக்கு பஸ் கணக்குப் பார்ப்பாங்க. கே.எம்.பி.எல்.னு சொல்வாங்க. அத்தனை பஸ் வச்சிருக்கிறவங்களே எழுதுறப்போ, ஒரே ஒரு வண்டியை நம்பி இருக்கிற நாம எழுதாம இருக்கலாமா?

இந்த நோட்டு எங்களுக்குச் செஞ்ச பெரிய உதவியைச் சொல்லணும். போன வருஷம் ஒரு தடவை மைலேஜ் பதினாலுல இருந்து பதினொன்னரைக்கு இறங்கிடுச்சு. அடுத்த ஃபுல்லுக்கும் அதே பதினொன்னரை. மாசம் 2,000 கிலோமீட்டர் ஓடுற வண்டி. கணக்குப் போட்டா மாசத்துக்கு 31 லிட்டர் கூடுதல். 3,100 ரூபாய்க்கு மேல. அதாவது என் குழுத் தவணை முழுசும் பெட்ரோலா போகுது.

ஒரு ஒர்க்‌ஷாப்புல காட்டினப்போ இன்ஜின் இறக்கணும், 40,000 ஆகும்னு சொன்னாங்க. அவர் முகமே வாடிப் போச்சு. மறுபடியும் குழுவுல கடன் கேட்கலாமான்னு பேச்சு வந்தது. நான் நோட்டை விரிச்சேன். அதே ரூட்டு, அதே ஏ.சி., அதே மாதிரி ஆள் பாரம். டயர்ல காத்து பிடிச்சதும் எழுதியிருக்கு. ஒண்ணே ஒண்ணுதான் புதுசு. மைலேஜ் இறங்குறதுக்கு நாலு நாள் முன்னாடி பின்சக்கரத்துக்கு பிரேக் ஷூ மாத்தியிருக்கோம். "இதை மட்டும் முதல்ல பார்க்கச் சொல்லுங்க"ன்னு வேற மெக்கானிக்கிட்ட அனுப்பினேன். ஜாக்கி போட்டு தூக்கிச் சுத்தினா சக்கரம் சுத்தாம பிடிக்குது. பிரேக் இழுத்துக்கிட்டே ஓடியிருக்கு. அதைச் சரி பண்ண 500 ரூபாய்க்குள்ள முடிஞ்சுது. அடுத்த ஃபுல்லுக்கு 27 லிட்டருக்கு 373 கிலோமீட்டர். கிட்டத்தட்ட பழைய மைலேஜ். 40,000 ரூபாய் கடன் வாங்காம தப்பிச்சோம்.

இன்னொரு விஷயம் இந்த அடையாறு சம்பந்தப்பட்டது. எங்க பக்கத்துல இருந்து அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு நிறைய பேர் வர்றாங்க. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மா முயற்சியால 1954ல ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி அது. எங்க குழு அக்கா ஒருத்தருக்கும் அங்கதான் வைத்தியம். எங்க வண்டியிலதான் வருவாங்க. நோயாளிகிட்ட வாடகை பேசுறது ரொம்பக் கஷ்டம். கூடக் கேட்டா பாவம். குறைச்சுக் கேட்டா தவணை நிக்கும்.

அதனால நோட்டை எடுத்துக் குழுக் கூட்டத்துலயே கணக்குப் போட்டோம். போக வர சுமார் 160 கிலோமீட்டர். லிட்டர் 101 ரூபாய்னு வச்சா பெட்ரோல் 1,154. டயர், ஆயில், ரிப்பேர், இன்சூரன்ஸ், எஃப்.சி. எல்லாம் சேர்த்து போன வருஷம் 72,000 ஆச்சு. ஓடினது 24,000 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 3 ரூபாய். அதுக்கு 480. அவர் நாள் முழுக்க காத்திருக்கிறதுக்கு கூலி 700. ஆக 2,334, டோல்கேட் தனி. ஆஸ்பத்திரி சவாரிக்கு அவ்வளவுதான், லாபம் வைக்கிறது இல்லன்னு தீர்மானப் புத்தகத்துலயே எழுதிட்டோம். அந்த அக்கா இப்போ "எவ்வளவும்மா?"ன்னு தயங்கிக் கேட்கிறது இல்ல. ரெண்டு நோயாளி சேர்ந்து வந்தா ஆளுக்குப் பாதி. கல்யாண சவாரி, கோயில் சவாரியில நாங்க சம்பாதிச்சுக்கிறோம்.

சகோதரிகளே, உங்க வீட்டுல பைக் இருக்கலாம், ஆட்டோ இருக்கலாம், லோடு வண்டி இருக்கலாம், தண்ணி இறைக்கிற டீசல் இன்ஜினா கூட இருக்கலாம். குழுக் கடன்ல வாங்கினதா இருந்தா அவசியம் ஒரு நோட்டு போடுங்க. மூணு தடவை ஃபுல் பண்ணிக் கணக்குப் பாருங்க, உங்க வண்டியோட வழக்கம் தெரிஞ்சுடும். அதுக்கப்புறம் குறைஞ்சா காரணத்தைத் தேடலாம். கூட்டமைப்பு கடன் கொடுக்கும்போதே இந்த மாதிரி ஒரு நோட்டையும் சேர்த்துக் கொடுத்தா நல்லா இருக்கும்னு தலைவி அவர்களைக் கேட்டுக்கிறேன்.

எங்க நோட்டை கொண்டு வந்திருக்கேன். சாப்பாட்டு நேரத்துல பார்க்க விரும்புறவங்க வாங்கிப் பார்க்கலாம், கட்டம் போடுற விதத்தை எழுதிக்கலாம்.