வீசிங்னு சொன்னா போதுமா? ஊதிப் பார்க்க வேண்டாமா?

(பள்ளிப்பட்டில் நடந்த மகளிர் குழுக் கூட்டமைப்புக் கூட்டத்தில் சுகாதாரக் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் குழுக்களின் கடன் பதிவேட்டைப் புரட்டினால் "மருத்துவச் செலவு" என்று எழுதி வாங்கிய உள்கடன்கள் இருக்கும். அதில் ஒரு பகுதி "இழுப்பு", "வீசிங்", "மூச்சு வாங்குது" என்ற பேரில் போனது. ஒரு ஊசி, நாலு நாளைக்கு மாத்திரை, ஒரு தடவை ஆவி. ரெண்டு மாசம் கழிச்சு மறுபடியும் அதே கதை. இப்படியே அஞ்சு வருஷம், பத்து வருஷம் ஓட்டுகிற பெண்கள் நமக்குள் இருக்கிறார்கள். "என்ன நோய்?" என்று கேட்டால் "வீசிங்" என்பார்கள்.

வீசிங் என்பது நோயின் பேர் இல்லை. மூச்சு விடும்போது கேட்கிற சத்தம் அது. காய்ச்சல் மாதிரி அதுவும் ஒரு அறிகுறிதான். எந்த நோயால் வருகிறது என்று தெரிந்தால்தான் வைத்தியம் சரியாக அமையும். அதைத் தெரிந்துகொள்ள உதவும் ஒரு எளிய பரிசோதனையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

நுரையீரல் நோய் என்றால் பீடி, சிகரெட் குடிக்கிற ஆம்பளைங்க நோய் என்று நினைக்கிறோம். நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2007 ஜனவரி முதல் மே வரை நம் மாவட்டத்து 45 கிராமங்களில் 900 பெண்களைப் பரிசோதித்தார்கள். எல்லோரும் 30 வயதைத் தாண்டியவர்கள். ஒருவருக்கும் புகைப்பழக்கம் கிடையாது. 2011-ல் வெளியான முடிவின்படி, நூற்றுக்கு 2.44 பேருக்கு, அதாவது 900 பேரில் 22 பேருக்கு, சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய் இருந்தது. தினமும் 2 மணி நேரத்துக்கு மேல் அடுப்படியில் இருந்தவர்களிடம் இது 3 சதவீதமாக இருந்தது.

இப்போது பல வீடுகளில் கேஸ் அடுப்பு வந்துவிட்டது. ஆனாலும் வெந்நீர் வைக்க, மாட்டுக்குக் கஞ்சி காய்ச்ச விறகைத்தான் மூட்டுகிறோம். சிலிண்டர் தீர்ந்தால் சமையலும் அதில்தான். நம் பக்கம் விசைத்தறிக் கொட்டகையில் பஞ்சுத் தூசி. சூளை வேலைக்குப் போனால் அங்கே மண் தூசியும் புகையும். அதனால் இது நம் வீட்டு விஷயம்தான்.

இரண்டு நோய், ஒரே சத்தம்

இழுப்பு வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் இருப்பது இரண்டில் ஒன்று. ஒன்று ஆஸ்துமா. இதில் மூச்சுக்குழாயின் தசை இறுகிக்கொள்ளும், உள்ளே வீங்கும். மருந்து கொடுத்தால் பெரும்பாலும் விரியும். இன்னொன்று சி.ஓ.பி.டி. பல வருஷப் புகையும் தூசியும் குழாயைச் சேதப்படுத்தி நிரந்தரமாகக் குறுக்கிவிடும்.

கரும்புத் தோட்டத்து பம்புசெட் ஓஸை நினைத்துக்கொள்ளுங்கள். மடங்கிக் கிடந்தால், நிமிர்த்தினதும் தண்ணீர் பாயும். உள்ளே சேறு படிந்து இறுகியிருந்தால், நிமிர்த்தினாலும் கொஞ்சம்தான் வரும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான். அதுபோல ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டாலும் இரண்டு நோய்க்கும் சத்தம் ஒன்றுபோலவே இருக்கலாம். ஆகவே நிமிர்த்திப் பார்க்க வேண்டும். மருந்து கொடுத்து ஊதிப் பார்ப்பது அதற்குத்தான்.

எப்படிச் செய்வார்கள்?

ஸ்பைரோமீட்டர் என்று ஒரு கருவி. "ஊதுற டெஸ்ட்" என்றே சொல்லலாம். மூச்சை நன்றாக உள்ளே இழுத்து, குழாயை உதட்டால் இறுக்கிப் பிடித்து, ஒரே வேகமாக ஊத வேண்டும். காற்று தீரும்வரை, ஆறு நொடி போல, விடாமல் ஊத வேண்டும். குறைந்தது மூன்று தடவை. முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்று வந்தது, மொத்தம் எவ்வளவு வந்தது என்று கருவி காட்டும்.

பிறகு சால்பியூட்டமால் என்ற மருந்தை இன்ஹேலரில், நம் பேச்சில் பம்பு, பொதுவாக நாலு தடவை கொடுப்பார்கள். 15 நிமிஷம் உட்கார வைத்து மறுபடி ஊதச் சொல்வார்கள். கை கொஞ்சம் நடுங்கும், நெஞ்சு படபடக்கும். சற்று நேரத்தில் சரியாகிவிடும், பயப்பட வேண்டாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தறி ஓட்டும் 32 வயது தங்கச்சி என்று வையுங்கள். முதலில் ஒரு நொடியில் 1.40 லிட்டர். மருந்துக்குப் பிறகு 1.75. கூடியது 350 மில்லி, அதாவது 25 சதவீதம். 2005 முதல் டாக்டர்கள் வைத்திருந்த அளவு: 12 சதவீதமும் 200 மில்லியும் கூடினால் மருந்துக்கு நல்ல பலன். 2021-ல் வந்த புது நெறிமுறையில், அவரவர் வயசுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டிய அளவில் 10 சதவீதத்துக்கு மேல் கூட வேண்டும் என்கிறார்கள். இரண்டு கணக்கிலும் தங்கச்சிக்குப் பலன் உண்டு. இது ஆஸ்துமா பக்கம் காட்டுகிறது.

அடுத்து, முப்பது வருஷம் விறகடுப்பில் சமைத்த 58 வயது பெரியம்மா. முதலில் 1.00 லிட்டர், பிறகு 1.06. கூடியது 60 மில்லிதான். மருந்துக்குப் பிறகும் மொத்தக் காற்று 1.90 லிட்டரில் முதல் நொடியில் வந்தது 56 சதவீதமே. மருந்துக்குப் பிறகும் 70 சதவீதத்துக்குக் கீழே நின்றால் அடைப்பு நிற்கிறது என்று அர்த்தம். இது சி.ஓ.பி.டி. பக்கம் காட்டுகிறது.

தெரிந்து என்ன லாபம்?

ஆஸ்துமா என்றால் வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர்தான் முக்கிய மருந்து. இழுக்கும்போது மட்டும் சால்பியூட்டமால் பம்பு போட்டு ஓட்டுவது ஆபத்து. 2019 முதல் உலக ஆஸ்துமா நெறிமுறையும் அதை வேண்டாம் என்கிறது. ஒழுங்காக மருந்து எடுத்தால் தங்கச்சி மற்றவர்களைப் போலவே வேலை செய்யலாம். சி.ஓ.பி.டி. என்றால் குழாயை விரிக்கும் நீண்டநேர மருந்து, மூச்சுப் பயிற்சி, எல்லாவற்றுக்கும் மேலாகப் புகையிலிருந்து விலகுவது. போன மூச்சு முழுசாகத் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம்.

"பம்பு போட்டா பழகிடும், பொண்ணுக்குக் கல்யாணம் ஆகாது" என்று ஒளித்து வைக்கிறோம். ஒரு கணக்கைப் பாருங்கள். சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம். பம்பின் ஒரு அழுத்தில் 0.1 மில்லிகிராம். ஒரு மாத்திரை நாற்பது அழுத்துக்குச் சமம். பம்பு மருந்து நேரே நுரையீரலுக்குப் போவதால் குறைந்த அளவே போதும். கடையில் சொல்லி வாங்கும் ஸ்டீராய்டு மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினால்தான் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், முகம் உப்பும். ஸ்டீராய்டு இன்ஹேலர் போட்டதும் வாய் கொப்பளித்தால் போதும்.

இந்த டெஸ்ட் சொல்லாதது

இந்த ஒரு டெஸ்ட்டை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. ஆஸ்துமா இருந்தும், நன்றாக இருக்கிற நாளில் ஊதினால் எல்லாம் சரியாகவே காட்டலாம். சி.ஓ.பி.டி. உள்ள சிலருக்கும் மருந்தில் நல்ல மாற்றம் தெரியலாம். அன்று மாற்றம் தெரியவில்லை என்றால் "மருந்து உங்களுக்கு வேலை செய்யாது" என்று அர்த்தம் இல்லை. தொடர்ந்து எடுத்தால் மூச்சு வாங்குவது குறையலாம். அதனால் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். நம் வேலை, அடுப்பு, எப்போது இழுக்கிறது என்பதை எல்லாம் டாக்டரிடம் சொன்னால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் கிடைக்கும்.

இன்னொன்று. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் முதலில் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை. அரசு மருத்துவமனையில் இலவசம். அதன் பிறகுதான் ஊதுற டெஸ்ட்.

போகும் முன் கவனிக்க வேண்டியவை

• சாதாரண சால்பியூட்டமால் பம்பை 4 முதல் 6 மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். மற்ற மருந்துகளுக்கு நேரம் வேறு, கேட்டுக்கொள்ளுங்கள். மூச்சு முட்டினால் காத்திருக்காமல் பம்பைப் போட்டுக்கொள்ளுங்கள். டெஸ்ட்டை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.
• வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். இறுக்கமான உடை வேண்டாம்.
• சமீபத்தில் மாரடைப்பு, கண் அல்லது வயிற்று ஆபரேஷன், சளியில் ரத்தம் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள்.
• பழைய சீட்டு, மருந்து அட்டை, பம்பு எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள்.

இந்தக் கருவி எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்காது. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம், "எனக்கு ஊதுற டெஸ்ட் எடுக்கணும், எங்கே போகணும்?" என்று கேட்டு சீட்டு வாங்குங்கள். திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரிக்கலாம். நெஞ்சு நோய்க்கென்றே தாம்பரம் சானடோரியத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது.

சகோதரிகளே, இந்த மாதக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் தவணை பேசி முடித்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: "நம்மில் யாருக்கு அடிக்கடி மூச்சு வாங்குது? அவங்க ஒரு தடவையாவது ஊதிப் பார்த்திருக்காங்களா?" இல்லை என்றால், ஊக்குநரோ பிரதிநிதியோ ஒருவர் துணைக்குப் போய் வாருங்கள். பஸ் செலவுக்குக் குழுவில் ஏற்பாடு செய்து தீர்மானம் எழுதுங்கள். வெந்நீர் அடுப்பைக் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றவும், கொட்டகையில் முகத்தை மூடி வேலை செய்யவும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளுங்கள்.

வருஷக்கணக்கில் ஊசிக்குக் கடன் வாங்கியது போதும். என்ன நோய் என்று தெரிந்துகொண்டு, அதற்குச் செலவு செய்வோம்.