கப்பலுக்குக் காசு கட்டுமுன் அம்மம்மாவைக் கேளுங்கள்



பேர்லேண்டில் நம்மவர் வீடுகளில் வருடம் பிறந்த கையோடு ஒரு பேச்சுத் தொடங்கிவிடும். பங்குனியில் பள்ளிக்கூடம் ஒரு கிழமை லீவு. "எல்லாரும் குரூஸ் போகினம், நாங்கள் மட்டும்தான் வீட்டில" என்று பிள்ளைகள் முகத்தைத் தூக்கிக்கொள்வார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. கல்வெஸ்டன் துறைமுகம் நமக்கு ஒரு மணி நேர ஓட்டம்கூட இல்லை. கானிவல் நிறுவனம் 2000ஆம் ஆண்டிலிருந்து அங்கிருந்து கப்பல் விடுகிறது. 2022இல் றோயல் கரீபியன் தனக்கென்று ஒரு புது முனையமே கட்டித் திறந்தது. விமானச் செலவு இல்லை. காரை நிறுத்திவிட்டு ஏறினால் மெக்சிகோவின் கொசுமெல், ஹொண்டுராஸின் றோவட்டான் எல்லாம் பார்த்துவிட்டு வந்து இறங்கி, அன்று பின்னேரமே நம்முடைய மீனாட்சி அம்மன் கோயிலுக்கும் போகலாம்.

நான் மூன்று தடவை போய் வந்தவள். முதல் தடவை விட்ட பிழைகளைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

முதல் பிழை, அம்மாவைக் கேட்காமல் காசு கட்டியது. பேரப்பிள்ளைகளோடு சேர்ந்து போவது அவவுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நானும் இவரும் நினைத்தோம். செலவைப் பார்த்து, கப்பலின் உட்பக்கத்தில் யன்னல் இல்லாத அறைகளாக இரண்டு எடுத்தோம். செய்தியைச் சொன்னபோது அம்மா "சரி பிள்ளை" என்றா. அவ்வளவுதான். வெளிக்கிடும் நாள் காலையில் பார்த்தால், அவவின் கைப்பையில் உடுப்பை விடக் கூடுதலாகக் கடதாசிகள். எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள், யாழ்ப்பாணத்துக் காணி உறுதியின் பிரதி, எல்லாம் பிளாஸ்டிக் பையில் சுற்றி. கூடவே ஒரு பிஸ்கட் பெட்டி. ஐயாயிரம் பேருக்கு மூன்று நேரமும் சாப்பாடு போடும் கப்பலுக்கு பிஸ்கட் எதற்கு என்று பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்று இரவு அம்மா அறையில் படுக்கவில்லை. விளக்கை அணைத்ததும் எழும்பி வெளியே போய்விட்டா. தேடிப் போனேன். மேல்தளத்தில் ஒரு கதிரையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு கடலைப் பார்த்தபடி இருந்தா. பக்கத்தில் போய் இருந்தேன். அப்போதுதான் 1983 ஆடியில் நடந்ததை முதல் தடவையாக முழுதாகச் சொன்னா. கொழும்பில் அகதி முகாமில் இருந்த எங்களை லங்கா கல்யாணி என்ற சரக்குக் கப்பலில் ஏற்றிக் காங்கேசன்துறைக்கு அனுப்பினார்கள். எனக்கு அப்போது நான்கு வயது, ஒன்றும் நினைவில்லை. சரக்கு வைக்கும் இடத்தில் இருட்டுக்குள் சனத்தோடு சனமாக இருந்ததும், சத்தி நாற்றமும், நான் தண்ணீர் கேட்டு அழுததும் அவவுக்கு நேற்றுப் போல் இருக்கிறது. யன்னல் இல்லாத அந்த அறையில் கதவைச் சாத்தினதும் அவவுக்கு அந்த இருட்டுத்தான்.

நம்முடைய சனத்தில் எத்தனை பேருக்குக் கப்பல் என்றால் இப்படி ஒரு கதை இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். இந்தியா அனுப்பிய சிதம்பரம் கப்பலில் வந்தவர்கள், மன்னாரிலிருந்து வள்ளத்தில் இராமேஸ்வரம் போனவர்கள். 1986 ஓகஸ்டில் 155 பேர் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கடலில் மிதந்தார்கள். அங்கத்தைய மீன்பிடிகாரர்தான் காப்பாற்றினார்கள். 2010இல் சன் சீ கப்பலில் 492 பேர் வான்கூவர் பக்கம் வந்து சேர்ந்தார்கள். இவர்களிலும் பலர் இப்போது அம்மம்மா, அப்பப்பா. பிள்ளைகளின் ஆசைக்காக "சரி" என்பார்கள். அந்தச் "சரி"யை நம்பிக் காசு கட்டாதீர்கள். தனியே கூட்டிக்கொண்டு போய், ஆறுதலாக இருத்திக் கேளுங்கள். வருவதற்கு விருப்பம் என்றால், அவர்களுக்கு யன்னலோ பல்கனியோ உள்ள அறை எடுங்கள். யன்னல் இல்லாத அறையில் நீங்களும் பிள்ளைகளும் படுங்கள். புறப்படும் நாளில் பாதுகாப்புப் பயிற்சி உண்டு, ஏழு குறுகிய ஊதலும் ஒரு நீண்ட ஊதலுமாகச் சங்கு ஊதும் என்பதையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். 2012இல் இத்தாலிக் கரையில் கொஸ்டா கொன்கோர்டியா கவிழ்ந்து 32 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு, கப்பல் வெளிக்கிட முன்னரே இந்தப் பயிற்சியை முடிக்க வேண்டும் என்று இறுக்கிவிட்டார்கள். பல கப்பல்களில் இப்போது தொலைபேசியில் காணொளி பார்த்துவிட்டு, குறித்த இடத்தில் முகத்தைக் காட்டினால் போதும். அதைச் சாட்டாக வைத்துத் தட்டிக்கழிக்காதீர்கள்.

அடுத்தது கடதாசி விஷயம். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகத்தான் பேசுவேன்.

கல்வெஸ்டனில் ஏறிக் கல்வெஸ்டனிலேயே இறங்கினாலும், கொசுமெலில் கால் வைத்தால் நீங்கள் அமெரிக்காவை விட்டு வெளியேறியவர்தான். ஏறின துறைமுகத்திலேயே இறங்கும் பயணத்துக்கு, அமெரிக்கப் பிரஜைக்குப் பிறப்புச் சான்றிதழோ பிரஜாவுரிமைச் சான்றிதழோ, அதோடு அரசாங்கப் புகைப்பட அட்டையும் போதும் என்று சட்டம் சொல்கிறது. என்றாலும் பாஸ்போர்ட்டைக் கொண்டுபோங்கள். வழியில் யாருக்கும் சுகமில்லாமல் போய் விமானத்தில் திரும்ப வேண்டி வந்தால் அது இல்லாமல் பெரும்பாடு. கிரீன் கார்ட் உள்ளவர்கள் அட்டையைக் கையில் கொண்டுபோக வேண்டும். போகிற நாடுகள் வேறென்ன கேட்கும் என்பதையும் கப்பல் கம்பனியிடம் முன்னரே கேட்க வேண்டும். தஞ்சம் கிடைத்து இன்னும் கிரீன் கார்ட் வராதவர்களுக்கு அகதிப் பயண ஆவணம் வேண்டும். ஐ-131 படிவத்தில் விண்ணப்பிப்பது. ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். அது கைக்கு வருமுன் காசு கட்டாதீர்கள். ஊர்ப் பாஸ்போர்ட்டில் போய்வரலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எந்த அரசாங்கத்துக்குப் பயந்து தஞ்சம் கேட்டோமோ அதன் பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு பயணம் போனால், நாளைக்குக் கேள்வி வரும்.

எல்லாவற்றையும் விடப் பாரதூரமானது தஞ்ச விண்ணப்பம் முடிவாகாமல் இருப்பவர்களின் நிலைமை. முன் அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியேறினால், விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். முன் அனுமதி இருந்தாலும் திரும்ப உள்ளே விடுவார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. என் சித்தியின் மகன், எனக்குத் தம்பி முறை, இந்த நிலையில் இருப்பவன். "அக்கா, நாலு நாள்தானே, கப்பலை விட்டு இறங்காமல் உள்ளுக்கே இருக்கிறன்" என்றான். அறைக்குக் காசும் கட்டியாயிற்று. கடைசிக் கிழமையில் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டபோது அவர் கையெடுத்துக் கும்பிடாத குறையாகத் தடுத்தார். கட்டின காசில் பாதிதான் திரும்பி வந்தது. போனால் போகட்டும். எட்டு வருடமாகக் காத்திருந்த வழக்கு அது.

கப்பலில் நடந்துகொள்ளும் முறை பற்றிக் கனக்கச் சொல்லத் தேவையில்லை. சில விஷயங்கள் மட்டும். வீட்டில் சமைத்த சாப்பாடு, மின்சாரக் கேத்தல், சோறு அவிக்கும் குக்கர் ஒன்றும் உள்ளே விடமாட்டார்கள். ஒளித்துக் கொண்டுபோய் மானம் கெடாதீர்கள். பெரிய கப்பல்களில் இந்தியச் சைவச் சாப்பாடு கேட்டால் செய்து தருவார்கள். முதல் நாள் இரவே மேசைப் பணியாளரிடம் சொல்லிவிடுங்கள். பஃபேயில் கோபுரமாகக் குவித்துப் பாதியை எறிகிற பழக்கம் நம்மவரிடமும் இருக்கிறது. விடிய ஆறு மணிக்கு நீச்சல் குளத்தடியில் பத்துக் கதிரைக்குத் துவாய் போட்டுவிட்டு மத்தியானம் வரும் பழக்கமும்தான். கை கழுவச் சொன்னால் கழுவுங்கள். ஒருவருக்கு வாந்திபேதி வந்தால் கப்பல் முழுக்கப் பரவும்.

பணியாளர்கள் பலர் இந்தியா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியாவிலிருந்து வந்து, மாதக்கணக்கில் வீடு போகாமல் ஓய்வு நாள் இல்லாமல் உழைப்பவர்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று சன்மானம் கணக்கில் சேரும், பிள்ளைகளுக்கும்தான். அதைக் கடைசி நாள் வரிசையில் நின்று வெட்டிக் குறைப்பதைப் போல் வெட்கக்கேடு வேறில்லை. அதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள், கட்டாவிட்டால் அடுத்த வருடம் போங்கள். தூத்துக்குடிப் பெடியன் ஒருவன் எங்கள் அறையைத் துப்புரவாக்கினான். தமிழ் கேட்டதும் அவன் முகம் மலர்ந்தது. எங்களோடு வந்த ஒருவர் உடனே "நீர் எந்த ஆக்கள்?" என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். நாடு மாறி, கடல் தாண்டியும் இந்த விசாரணை மட்டும் விடவில்லை. பெயரைக் கேளுங்கள், சாப்பிட்டாரா என்று கேளுங்கள்.

நேரம் பற்றி ஒன்று. றோவட்டான் ஹொண்டுராஸில் இருக்கிறது. அங்கே கோடைக்காலத்தில் மணிக்கூட்டை மாற்றுவதில்லை. ஆகவே ஆனி, ஆடியில் போனால் தொலைபேசி தானாக ஒரு மணி நேரம் பின்னுக்குப் போய்விடும். கப்பலோ கல்வெஸ்டன் நேரத்தில் நிற்கலாம். இரண்டாம் தடவை நாங்கள் "இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கு" என்று கடற்கரையில் ஆறுதலாக இளநீர் குடித்துக்கொண்டிருந்தோம். பிறகு சாரியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடிய ஓட்டம் இருக்கிறதே, அது பேரப்பிள்ளைகளின் தொலைபேசியில் பதிவாகியிருக்கிறது. கப்பல் யாருக்காகவும் நிற்காது. கையில் ஒரு பழைய மணிக்கூடு கட்டி, கப்பல் நேரத்தில் வையுங்கள்.

அம்மா அதற்குப் பிறகு குரூஸ் வரவில்லை. அவ தம்பியோடு பேர்லேண்டில் நின்றுகொள்வா. நாங்கள் அவர்கள் இரண்டு பேரையும் கல்வெஸ்டனிலிருந்து பொலிவர் தீபகற்பத்துக்குப் போகும் பெரி வள்ளத்தில் கூட்டிக்கொண்டு போவோம். டெக்சாஸ் அரசாங்கம் நடத்துவது, ஒரு சதமும் இல்லை, கடதாசியும் கேட்பதில்லை, இருபது நிமிடத்தில் அக்கரை. அம்மா காருக்குள் இருக்கமாட்டா; இறங்கிப் பின்பக்கத்துக்குப் போய் நிற்பா. ஓங்கில் மீன் துள்ளும். கடற்பறவைகளுக்குப் போட அவ கைப்பையிலிருந்து எடுப்பது அந்த பிஸ்கட் பெட்டிதான். போன மாசம் பெரிய குரூஸ் கப்பல் ஒன்று எங்களுக்கு முன்னால் கடலுக்குப் போனது. தம்பி கை காட்டினான். மேலே இருந்து யாரோ திருப்பிக் காட்டினார்கள்.