பறக்கும் கேமரா: கடன் வாங்கும் முன் ஐந்து கேள்விகள்

(திருவொற்றியூரில் நடந்த கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

ராயபுரம், எண்ணூரிலிருந்தும் மீஞ்சூர் பக்கத்து கிராமங்களிலிருந்தும் வீட்டு வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கீங்க. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

போன மாதம் ஒரு குழு, கேமரா ட்ரோன் வாங்க 1,20,000 ரூபாய் கடன் கேட்டு மனு கொடுத்தது. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எல்லாவற்றையும் மேலேயிருந்து வீடியோ எடுத்துக் கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்பது திட்டம். நல்ல திட்டம்தான். ஆனால் எந்த ட்ரோன், என்ன எடை, யார் ஓட்டுவது என்று மனுவில் ஒன்றுமே இல்லை. "பையன் பார்த்து வச்சிருக்கான்" என்று மட்டும் சொன்னாங்க. ஆகவே நாங்கள் விசாரித்துத் தெரிந்துகொண்டதை எல்லாக் குழுக்களுக்கும் சொல்கிறோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "அரசாங்கமே குழுக்களுக்கு ட்ரோன் கொடுக்குதாமே" என்று பலர் கேட்கிறீர்கள். அது 2023 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த 'நமோ ட்ரோன் தீதி' திட்டம். 15,000 குழுக்களுக்கு, விலையில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் வரை மானியம் என்று அறிவித்தார்கள். ஆனால் அது வயலில் உரமும் மருந்தும் தெளிக்கிற ட்ரோன். கல்யாண வீடியோ எடுக்கும் ட்ரோனுக்கு அந்த மானியம் கிடையாது.

இனி, கடைக்குப் போகும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்.

ஒன்று, எடை எவ்வளவு? இதுதான் முக்கியம். 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை உள்ளது 'நானோ'. அதை ஓட்ட பைலட் சான்றிதழ் தேவையில்லை. 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை 'மைக்ரோ'. சொந்த உபயோகத்துக்கு என்றால் அதற்கும் சான்றிதழ் வேண்டாம். காசு வாங்கிக்கொண்டு எடுத்தால் கட்டாயம் வேண்டும். நாம் காசுக்குத்தானே எடுக்கப் போகிறோம்! உதாரணமாக, சீன நாட்டு டிஜேஐ கம்பெனியின் மினி 2 எடை 249 கிராம். அதே கம்பெனியின் ஏர் 2எஸ் 595 கிராம். பெரியதில் படம் இன்னும் தெளிவாக இருக்கும், குறிப்பாக சாயங்கால வெளிச்சத்தில். ஆனால் சான்றிதழ், இன்சூரன்ஸ் செலவும் சேரும்.

இரண்டு, நம்ம ஊர்க் காற்றைத் தாங்குமா? சின்ன ட்ரோன் மணிக்கு சுமார் 36 கிலோமீட்டர் காற்று வரை தாங்கும் என்று போட்டிருக்கும். கடற்கரையில் மதியத்துக்கு மேல் காற்று ஏறுவது உங்களுக்கே தெரியும். போகும்போது காற்று தள்ளிக்கொண்டு போகும், திரும்பும்போது எதிர்க்காற்றில் பேட்டரி தீர்ந்துவிடும். அதனால் முதலில் எதிர்க்காற்றில் அனுப்பணும். பேட்டரி 30 சதவீதம் இருக்கும்போதே திருப்பணும். 31 நிமிடம் பறக்கும் என்று அட்டையில் இருந்தால், வேலைக்கு 20 நிமிடம் என்று கணக்கு வையுங்கள். கூடுதலாக இரண்டு பேட்டரி வேண்டும். உப்புக் காற்று மோட்டாருக்கு ஆகாது, எடுத்து முடித்ததும் துடைத்து வைக்கணும்.

மூன்று, ரிப்பேர் யார் செய்வார்கள்? 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்ய மத்திய அரசு தடை போட்டது. உதிரி பாகங்களுக்குத் தடையில்லை. ஆகவே கடையில் வெளிநாட்டு ட்ரோன் காட்டினால் பில் உண்டா, கேரண்டி யார் தருவார், பதிவு எண் நம் பெயருக்கு வருமா என்று கேளுங்கள். "பில் வேண்டாம், விலை குறைச்சுத் தரேன்" என்றால் திரும்பி வந்துவிடுங்கள். இந்தியத் தயாரிப்பும் இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த கருடா ஏரோஸ்பேஸ் 2022இல் 'ட்ரோனி' என்ற கேமரா ட்ரோனை அறிமுகம் செய்தது. இரண்டையும் பறக்கவிட்டுக் காட்டச் சொல்லி, படத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நான்கு, எங்கே பறக்கவிடலாம்? சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்த ட்ரோன் வரைபடம் இணையத்தில் இருக்கிறது. பச்சையில் 400 அடி உயரம் வரை அனுமதி. சிவப்பில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் கூடாது. நம்ம பகுதி துறைமுகம், அனல் மின் நிலையம், எண்ணெய் ஆலை நிறைந்த பகுதி. அதனால் ஒவ்வொரு முறையும் வரைபடம் பார்க்கணும், காவல் நிலையத்தில் கேட்கணும். விதி மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். இன்னொன்று, பக்கத்து மொட்டை மாடியில் துணி காயப்போடுகிற பெண்ணும் நம்மைப் போன்றவள்தான். அவளைப் படம் பிடிக்கக் கூடாது. திருவிழாக் கூட்டத்தின் தலைக்கு மேலேயும் பறக்கவிடக் கூடாது.

ஐந்து, ரிமோட் யார் கையில்? கடன் நம் பெயரில், கருவி பையன் கையில் என்றால், அவன் வேலை கிடைத்து ஒரகடம் போன பிறகு தவணை யார் கட்டுவது? 1,20,000 ரூபாயை 24 மாதத்தில் அடைக்க அசல் மட்டும் மாதம் 5,000 ரூபாய். தை, வைகாசி, ஆவணியில் கல்யாணம் இருக்கும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இருக்காது, தவணை இருக்கும். ஆகவே உறுப்பினர் ஒருவரோ அவர் மகளோ ஓட்டப் பழகணும். பத்தாம் வகுப்பு தேறி, 18 வயது நிறைந்த யாரும் பைலட் பயிற்சியில் சேரலாம். தமிழ்நாடு ஆளில்லா வானூர்திக் கழகமும் இந்தப் பயிற்சி தருகிறது.

அந்தக் குழுவின் மனுவை நாங்கள் தள்ளவில்லை. முதலில் ஆளோடு ட்ரோனை வாடகைக்கு எடுத்து மூன்று நிகழ்ச்சி செய்து பாருங்கள், வரவு செலவைத் தனி நோட்டில் எழுதுங்கள் என்றோம். லாபம் நின்றால் 250 கிராமுக்குள் ஒன்று வாங்கலாம். சம்பாதித்த பணத்தில் பயிற்சி எடுத்து, பிறகு பெரியதற்குப் போகலாம். குழுவும் சம்மதித்தது. ரிமோட் பழகப் போவது பன்னிரண்டாவது முடித்த உறுப்பினரின் மகள்.

வாரா வாரம் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் இது. மேலே பறந்தாலும் கணக்கு கீழே நம் நோட்டில் இருக்கணும். அடுத்த கூட்டத்தில் அந்த நோட்டைப் பார்ப்போம்.