அரியர் மாணவருக்கு வகுப்பறை எங்கே?

  

இந்த உரை எடுத்துக்கொண்ட கேள்வி அவைக்குப் புதிதன்று. தேர்வு முடிவு வந்த மறுநாள் ஆசிரியர் அறையில் தவறாமல் எழும் கேள்விதான்: அரியர், அதாவது தேறாமல் நின்ற தாள், வைத்திருப்பவரைக் கல்லூரி என்ன செய்ய வேண்டும்? "படிக்காதவன் எழுதி எழுதித்தான் தேற வேண்டும்" என்பார்கள் ஒரு சாரார். "பாவம், கிராமத்துப் பிள்ளைகள், ரெண்டு மார்க் போட்டுத் தள்ளிவிடலாமே" என்பார்கள் இன்னொரு சாரார். இருவரும் தங்களை எதிரெதிர் அணியாக எண்ணிப் பல ஆண்டுகளாகச் சண்டையிட்டு வருகிறார்கள். ஆனால் இரு அணிக்கும் பொதுவான பிழை ஒன்று உண்டு. அந்த மாணவருக்கு அந்தப் பாடத்தை மறுபடி நடத்த வேண்டும் என்ற எண்ணமே இருவருக்கும் எழுவதில்லை. இந்த உரையின் வழக்கு அந்தப் பிழையின்மேல்தான்.

2020 ஆகஸ்ட் முதல் 2021 ஆகஸ்ட் வரையிலான ஓராண்டில் விழுப்புரம் மாவட்டத்து அரியர் மாணவருக்கு நேர்ந்ததை வரிசையாக வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

2020 ஆகஸ்ட் 26 அன்று அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி ஓர் அறிவிப்பு வெளியிட்டார். கொரோனா காலத்தில் அரியர் தேர்வுக்குக் கட்டணம் கட்டியிருந்த கல்லூரி மாணவர்களுக்கு, இறுதிப் பருவத் தாள்கள் தவிர்த்து, தேர்வு எழுதாமலே தேர்ச்சி என்பது அதன் சாரம். ஊரெங்கும் 'ஆல் பாஸ்' என்ற பேச்சு. நன்றி சொல்லிச் சுவரொட்டிகள் முளைத்தன. கல்வியாளர்கள் பலர் அந்தக் கொண்டாட்டத்தைச் சோம்பேறித்தனத்தின் வெற்றி என்று எடுத்துக்கொண்டார்கள். அது அவசர முடிவு. கட்டணம் கட்டிக் காத்திருந்தவர், வகுப்பும் இல்லாமல் வழிகாட்டலும் இல்லாமல், எப்போதோ கேட்ட பாடத்தைத் தனியே சுமந்துகொண்டிருந்தவர். சுமை இறங்கியதற்காக அவர் மகிழ்ந்தார்.

அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம் எதிர்ப்புத் தெரிவித்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் பாலகுருசாமி உயர் நீதிமன்றம் சென்றார். பல்கலைக்கழக மானியக் குழுவும் தேர்வில்லாத் தேர்ச்சி தன் நெறிமுறைக்கு ஒவ்வாது என்றது. 2021 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அரியர் தேர்வை ரத்து செய்ததை ஏற்க மறுத்தது. தேர்வை நடத்தும்படி ஆயிற்று. எட்டு மாதங்களில் அந்த மாணவர் தேர்ச்சி பெற்றார், தேர்ச்சியை இழந்தார், மீண்டும் தேர்வு எழுதப் பணிக்கப்பட்டார். இந்த எட்டு மாதங்களில் அரசு பேசியது, குழுமம் பேசியது, நீதிமன்றம் பேசியது. எல்லாரும் தேர்வைப் பற்றியே பேசினார்கள். ஆன்லைனில் ஒரு மணி நேரம் அந்தப் பாடத்தை நடத்துங்கள் என்பது வழக்கின் மையத்துக்கு வரவேயில்லை.

இதே காலத்தில் விழுப்புரத்தாருக்கு இன்னொரு குழப்பமும் சேர்ந்தது. இப்பகுதிக் கலைக் கல்லூரிகள் முன்பு சென்னைப் பல்கலைக்கழகத்தின்கீழ் இருந்தவை. 2002-இல் வேலூரைத் தலைமையிடமாகக் கொண்டு திருவள்ளுவர் பல்கலைக்கழகம் உருவானபின் அதனோடு இணைந்தன. 2021 தொடக்கத்தில் விழுப்புரத்துக்கென்றே ஜெ. ஜெயலலிதா பல்கலைக்கழகம் சட்டமாயிற்று. ஆட்சி மாறியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று அதைச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. எந்தக் கட்சி செய்தது சரி என்பது இந்த மேடைக்குரிய வழக்கன்று. கல்லூரி இருந்த இடத்தில்தான் இருந்தது. பெயர்ப் பலகையில் பல்கலைக்கழகம் மாறியது. பதிவு செய்த பல்கலைக்கழகமே பட்டம் தர வேண்டும் என்பது பொது நியதி. ஆகவே ஒரே கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர் சிதம்பரத்தைப் பார்க்க, பழைய அரியர்க்காரர் வேலூரைப் பார்க்க நேரும். புதியவருக்கு வகுப்பாசிரியர் இருக்கிறார், கேட்கலாம். மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போய்விட்ட அரியர்க்காரர் யாரைக் கேட்பார்? கல்லூரி அலுவலகத்தில் "நீ இப்ப எங்க ஸ்டூடண்ட் இல்லப்பா" என்றால் அது விதிப்படி உண்மை. பல்கலைக்கழகத்துக்கோ அவர் ஒரு பதிவெண்.

மாணவர் நிலை என்பது வெறும் காகிதமன்று. ரோலில் பெயர் இருக்கும்வரை பஸ் பாஸ் உண்டு, உதவித்தொகை உண்டு, நூலகத்தில் புத்தகம் உண்டு, அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் உண்டு. ஆறாம் பருவத்தோடு எல்லாம் முடிகிறது. பாடம் மட்டும் முடிவதில்லை. மரக்காணத்திலிருந்தோ செஞ்சிப் பக்கத்திலிருந்தோ வந்து படித்தவர், ஒரகடத்துக்கோ புதுச்சேரிக்கோ வேலைக்குப் போய்விட்டு, தேர்வு நாளன்று மட்டும் லீவு போட்டு வந்து எழுதுகிறார். அவர் திரும்பத் திரும்பத் தோற்பதில் வியப்பென்ன?

பொறியியல் பக்கமும் கதை வேறன்று. விழுப்புரம் காகுப்பத்திலும் திண்டிவனம் மேல்பாக்கத்திலும் இருக்கும் பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழக விதிகளின்கீழ் வருபவை. 2017 விதித்தொகுப்பில், முதல் பருவத் தாளில் தவறியவர் அதை மூன்றாம் பருவத்தில்தான் எழுத முடியும் என்ற நிலை வந்தபோது மாணவர்கள் கொதித்தார்கள். 2019 தொடக்கத்தில் போராட்டம் நடந்தது, விதி தளர்ந்தது. பாடம் நடக்கும் பருவத்தோடு தேர்வைச் சேர்த்தது நல்ல யோசனையே. ஆனால் அரியர்க்காரருக்கு அந்தப் பாடவேளையில் இடம் கொடுக்காமல் காத்திருப்பை மட்டும் கொடுத்தால் கோபம் வராமல் என்ன செய்யும்? பிறகு 2001-02 முதல் படித்து அரியரோடு நிற்பவர்களுக்கு அதே பல்கலைக்கழகம் சிறப்பு வாய்ப்பு அளித்தது. தேர்வுக் கட்டணத்தோடு கூடுதலாக 5,000 ரூபாய். இருபது ஆண்டு கழித்தும் அவர்களுக்குக் கிடைத்தது இன்னொரு தேர்வுதான்.

இன்டர்னல் மதிப்பெண் கணக்கையும் சற்றுப் பார்க்க வேண்டும். கலைக் கல்லூரி இளநிலையில் பொதுவாக இன்டர்னல் 25, எழுத்துத் தேர்வு 75. தேர்ச்சிக்கு 40, அதில் எழுத்துத் தேர்வில் குறைந்தது 30. இன்டர்னலில் 20 வாங்கியவருக்கு 30 போதும். அறுவடைக் காலத்தில் வகுப்புக்கு வராமல் 5 வாங்கியவர் 35 எடுக்க வேண்டும். அந்த 5 எத்தனை முறை எழுதினாலும் கூடவே வருவதுதான் பெருவழக்கு. அண்ணா பல்கலைக்கழகம் மூன்றாம் முயற்சி முதல் எழுத்துத் தேர்வை மட்டும் வைத்தே தேர்ச்சி பெற வழி தருகிறது. அந்த மட்டில் அது பாராட்டத்தக்கது. கலைக் கல்லூரிகள் பின்பற்றலாம்.

வருகைப்பதிவு பற்றிச் சுருக்கமாக. 75 விழுக்காடு இருந்தால் ஹால் டிக்கெட், 65-க்கு மேல் இருந்தால் கட்டணம் கட்டி விலக்கு (கண்டோனேஷன்), அதற்கும் கீழே தேர்வு இல்லை, 50-க்கும் கீழே போனால் பருவத்தையே மறுபடி படிக்க வேண்டும் என்பது பரவலான படிநிலை. கடைசிப் படியில் நிற்பவருக்கு மட்டும்தான் வகுப்பறை திரும்பக் கிடைக்கிறது. ஓரளவு வந்தவருக்கு அது இல்லை. இந்த முரண்பாட்டை நண்பர்கள் யோசிக்க வேண்டும். மாறாக, பிரிட்டனில் வகுப்புக்கு வந்து மறுபடி படிப்பவர், வராமல் தேர்வு மட்டும் எழுதுபவர் என்று இரு நிலைகளைப் பல பல்கலைக்கழகங்கள் பிரித்தே வைத்திருக்கின்றன.

கலைக் கல்லூரியில் வாரம் 30 பாடவேளை, 140 கிரெடிட்; இதில் அரியர் வகுப்புக்கு இடமில்லை என்ற மறுப்பு வரும். ஆனால் அதே அட்டவணையில் மாநில அரசின் 'நான் முதல்வன்' திறன் திட்டப் பாடங்களுக்கு 2022-க்குப் பிறகு இடம் கிடைத்ததல்லவா?

இனிச் செய்ய வேண்டியவை. விழுப்புரம், திண்டிவனம் கல்லூரிகளில் எந்தத் தாளில் அரியர் குவிகிறது என்று துறைவாரியாக ஒரு கணக்கு எடுக்கலாம். முதல் பாடவேளை வருகைக் குறைவை ஊர்ப்பேருந்து நேரத்தோடு ஒப்பிட்டு யாராவது முழு ஆய்வாகவே செய்யலாம். திருமணத்தால் இடையில் நின்ற பெண்கள் பற்றித் தனி ஆய்வு தேவை. இரண்டாம் ஷிப்ட் மாணவர்களின் வேலை நேரம் பற்றியும். பல்கலைக்கழக மாற்றத்தில் சிக்கியவர்களுக்குக் கல்லூரியிலேயே ஓர் உதவி மேசை. தாள் முடியும்வரை 'தொடர் மாணவர்' என்ற நிலையும் பஸ் பாஸும் நூலக அட்டையும் தரக் கல்விக் குழுவில் ஒரு தீர்மானம். அதற்கான வரைவை அடுத்த பருவம் தொடங்குமுன் துறைத்தலைவர்கள் கூடி எழுதிவிடலாம்.