சின்ன வகுப்பு டீச்சர் ஆக என்ன படிக்க வேண்டும்?

(தொடர் கல்வி மையம் ஒன்றில் பேசியது)



"எங்கள் பெண்ணை டீச்சர் ஆக்கிவிட வேண்டும்." இந்த ஆசை இல்லாத ஊர் உண்டா? நல்ல ஆசைதான். அதற்காக நகையை அடகு வைக்கிறோம். கடன் வாங்குகிறோம். படிப்பு முடிந்த பிறகு, "இந்தப் படிப்பு இந்த வேலைக்குச் செல்லாது" என்கிறார்கள். பணமும் போகிறது, பெண்ணின் இரண்டு வருடமும் போகிறது. அதனால் பணம் கட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்கிறேன்.

"அ, ஆ சொல்லித் தருவதற்கு எதற்கு இவ்வளவு படிப்பு?" என்று சிலர் கேட்கிறார்கள். நீங்களே சொல்லுங்கள். நீங்கள் இப்போதுதான் எழுத்து கற்றவர்கள். ல, ள, ழ மூன்றும் உங்களைப் படுத்திய பாடு உங்களுக்குத் தெரியும். சின்னக் குழந்தைக்கு எப்படி இருக்கும்?

நூற்றி ஐந்து எழுது என்றால், சில குழந்தைகள் 1005 என்று எழுதும். மக்குக் குழந்தை என்று நாம் நினைப்போம். அது மக்கு அல்ல. நூறு எழுதியது. பக்கத்தில் ஐந்து எழுதியது. காதில் கேட்டபடியே எழுதியிருக்கிறது. இதைப் புரிந்துகொண்டு, குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டிக் காட்டித் திருத்துவதற்குப் பயிற்சி வேண்டும். ஐந்தாம் வகுப்பு வரைக்குமான ஆசிரியருக்குத் தனிப் படிப்பு வைத்திருப்பது இதற்காகத்தான்.

அந்தப் படிப்பு எது? முதலில் பிளஸ் டூ தேற வேண்டும். நூற்றுக்கு 50 மதிப்பெண்ணாவது வேண்டும். மொத்தம் 600 என்றால் 300. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் போன்ற இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு நூற்றுக்கு 5 வரை சலுகை உண்டு. அதன் பிறகு இரண்டு ஆண்டு தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு. இதைச் சுருக்கமாக டி.எல்.எட். என்பார்கள். முன்பு இதற்கு மாநிலத்துக்கு ஒரு பெயர். கேரளத்தில் டி.டி.சி., மகாராஷ்டிரத்தில் டி.எட்., அரியானாவில் ஜே.பி.டி. பிளஸ் டூ முடித்ததும் நான்கு ஆண்டு பி.எல்.எட். பட்டம் படித்திருந்தாலும் சரி. ஆனால் அது சில இடங்களில்தான் இருந்தது.

இப்போது பெரிய குழப்பத்துக்கு வருகிறேன். "பி.எட். பெரிய படிப்பு ஆயிற்றே, அதைப் படித்தால் எல்லா வகுப்புக்கும் போகலாம்" என்று பலர் நினைக்கிறார்கள். பி.எட். என்பது பட்டம் பெற்ற பிறகு படிப்பது. ஆறாம் வகுப்புக்கு மேலே பாடம் நடத்துவதற்கு அது பொருந்தும். நடுவில் 2018-இல், பி.எட். படித்தவர்களும் ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு வரலாம் என்று ஓர் அறிவிப்பு வந்தது. வழக்கு நடந்தது. 11-8-2023 அன்று உச்ச நீதிமன்றம் அந்த அறிவிப்பு செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. தரமான தொடக்கக் கல்வி குழந்தையின் உரிமை, அதற்கென்று பயிற்சி பெற்றவரே சொல்லித்தர வேண்டும் என்றது நீதிமன்றம். அந்தத் தேதிக்கு முன்பே வேலையில் சேர்ந்தவர்களுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. புதிதாக வருபவர்களுக்கு அந்த வழி இல்லை. சின்ன வகுப்புக்கு டீச்சராக வேண்டும் என்று சொல்லும் பெண்ணைப் பி.எட்.டில் சேர்க்காதீர்கள். படிப்பு பெரியதா சிறியதா என்று பார்க்கக் கூடாது. வேலைக்குப் பொருந்துமா என்று பாருங்கள்.

அடுத்தது, எங்கே படிப்பது? தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சில் என்று ஓர் அமைப்பு உண்டு. 1993-இல் வந்த சட்டப்படி அமைந்தது. அதன் அங்கீகாரம் இல்லாத இடத்தில் படித்த சான்றிதழ், அரசு வேலைக்கும் அரசு உதவி பெறும் பள்ளி வேலைக்கும் செல்லாது. கட்டடம் பெரிதாக இருக்கலாம், பஸ் விடலாம், ஏஜெண்டு வீடு தேடி வந்து இனிக்க இனிக்கப் பேசலாம். அதையெல்லாம் விடுங்கள். "அங்கீகார ஆணையைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். கையில் வாங்கி நிதானமாகப் படியுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் தெரிந்தவரை வைத்துப் படியுங்கள். நிறுவனத்தின் பெயர் சரியா? எந்தப் படிப்புக்கு அங்கீகாரம்? எத்தனை இடம்? ஒரே நிறுவனத்துக்குப் பி.எட். நடத்த அங்கீகாரம் இருக்கும், டி.எல்.எட்.டுக்கு இருக்காது. அதே பட்டியல் கவுன்சிலின் இணையதளத்திலும் உண்டு. பள்ளிக்கூடம் போய்ப் பயிற்சி எடுக்காமலே சான்றிதழ் தருகிறோம் என்று யாராவது சொன்னால், எழுந்து வந்துவிடுங்கள். மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் அரசுடையது. முதலில் அங்கே விசாரியுங்கள்.

பட்டயம் வந்துவிட்டது. உடனே வேலையா? இல்லை. ஆசிரியர் தகுதித் தேர்வு இருக்கிறது. டெட் என்பார்கள். கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் இந்தத் தேர்வு கட்டாயம் என்று அறிவித்தார்கள். மாநில அரசு ஒன்று நடத்துகிறது. மத்திய அரசுக்காக சி.பி.எஸ்.இ. ஒன்று நடத்துகிறது, அது சி-டெட். சி-டெட்டின் முதல் தாளில் 150 கேள்வி, 150 மதிப்பெண், இரண்டரை மணி நேரம். குழந்தை வளர்ச்சி, இரண்டு மொழிகள், கணக்கு, சுற்றுச்சூழல். ஒவ்வொன்றிலும் 30 கேள்வி. 90 எடுத்தால் தேர்ச்சி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். மொழியில் ஒன்றாகத் தமிழை எடுக்கலாம். மற்றக் கேள்விகள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். ஆகவே ஆங்கிலம் படித்துப் பழக வேண்டும்.

முன்பு இந்தச் சான்றிதழ் ஏழு ஆண்டுதான் செல்லும். 2021-இல் ஆயுள் முழுவதும் செல்லும் என்று மாற்றிவிட்டார்கள். வேலையில் இருப்பவர்களும் இந்தத் தேர்வில் தேற வேண்டும், ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருந்தால் இரண்டு ஆண்டுக்குள் எழுதித் தேற வேண்டும் என்று 1-9-2025 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அவ்வளவு முக்கியமான தேர்வு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டெட் தேறினால் தகுதி வரும், வேலை வராது. வேலைக்கு அரசு தனியாக ஆள் எடுக்கும். தமிழ்நாட்டில் 2024-இல் இடைநிலை ஆசிரியருக்குத் தனிப் போட்டித் தேர்வு வைத்தார்கள். "டெட் பாஸ் பண்ணினால் போதும், போஸ்டிங் நாங்கள் வாங்கித் தருகிறோம்" என்று பணம் கேட்பவனை நம்பாதீர்கள். 2020 கல்விக் கொள்கை, 2030-க்குள் நான்கு ஆண்டு ஒருங்கிணைந்த பட்டமே குறைந்த தகுதி ஆக வேண்டும் என்கிறது. விதி மாறலாம். சேரும் வருடத்தில் என்ன விதி என்று விசாரித்துக்கொண்டு சேருங்கள்.

கல்யாணம் ஆன பெண் படிக்கலாமா என்று வரும்போதே ஒரு அம்மா கேட்டார். படிக்கலாம், கல்யாணம் தடை இல்லை. வயது வரம்புதான் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அதை விசாரிக்க வேண்டும். பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் கொண்டுவந்தவர்கள் முன்னால் வாருங்கள். ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்கிறேன்.